துணியில் இல்லாத இழுப்பு

முதலில் துணியைத்தான் திட்டினேன். அப்புறம் நூலை, அப்புறம் அந்த நூலைப் பின்னிய மெஷினை, கடைசியில் மெஷினுக்குச் சொந்தக்காரரை. சொந்தக்காரர் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர்தான். பெயர் தங்கவேல். திருப்பூர் நல்லூரில் ஒரு சந்துக்குள், வீட்டை ஒட்டியே நாலு நிட்டிங் மெஷின் போட்டு பனியன் துணி பின்னிக் கொடுக்கிறார். என்னிடம் திட்டு வாங்குவது அவருக்குப் பழகிப்போன சங்கதி என்பதால் இந்த முறையும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டார். திறந்திருக்கலாம். திறந்திருந்தால் இதை எழுதவேண்டிய அவசியமே வந்திருக்காது.

நான் படம் வரைகிறவள். முகம், மரம், மாடு, தெய்வம் எதுவும் என் படத்தில் இருக்காது. கோடு, கட்டம், முக்கோணம், அவ்வளவுதான். ஓவியக் கல்லூரியில் ஆரம்பித்தது, கல்யாணம், குழந்தை, மெஷின் சத்தம் எல்லாவற்றுக்கும் நடுவில் நிற்காமல் ஓடுகிறது. சொந்தக்காரர்கள் விசேஷங்களில் பார்த்தால், "சாந்தாமணி, இன்னமும் அந்தக் கட்டந்தான் போட்டுட்டு இருக்கறயா?" என்று கேட்பார்கள். தீராத வியாதி எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிற அதே குரலில் கேட்பார்கள்.

என் படங்களுக்கு ஆதாரமே அவர் மெஷின்தான். வட்ட மெஷினில் நூல் சுற்றிச் சுற்றி மேலே ஏறிக்கொண்டே போகும். அதனால் துணியில் ஒரு கலர் கோடு போட்டால், அது ஒரு சுற்று வந்து தான் கிளம்பிய இடத்தில் போய்ச் சேராது. கொஞ்சம் மேலே தள்ளிப் போய் நிற்கும். தையல்காரர்கள் அந்த வித்தியாசத்தைப் பக்கத் தையலுக்குள் மறைத்துவிடுவார்கள். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்தேன். பார்வைக்கு நேராக இருக்கும் கோடு உண்மையில் நேர் இல்லை, அது ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு விஷயத்தைத்தான் இத்தனை வருடமாக வெவ்வேறு விதமாக வரைந்துகொண்டிருக்கிறேன். சேராத கட்டங்கள், ஒரு மயிரிழை தள்ளி நிற்கும் சதுரங்கள், வெள்ளை மேல் வெள்ளை. வரைவதும் அவர் பின்னிய பனியன் துணி மேல்தான். மரச் சட்டத்தில் இழுத்து அடித்து, பசையும் வெள்ளையும் பூசிக் காயவைத்து, அதன் மேல் தூரிகை. அடிக்கோல் வைக்கமாட்டேன். டேப் ஒட்டமாட்டேன். வெறும் கை, மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பு. அது என் பிடிவாதம், கர்வம் என்றும் சொல்லிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. எனக்கு வேலை செய்கிற கண் ஒன்றுதான், வலது கண். இடது கண் பிறந்ததிலிருந்தே மந்தம். ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. சோம்பல் கண் என்பார்கள். சின்ன வயதில் கவனித்திருந்தால் சரிசெய்திருக்கலாமாம். யாரும் கவனிக்கவில்லை, நானும் வலது கண்ணை வைத்துக்கொண்டு ராஜாங்கம் நடத்தினேன்.

போன வருடம் சென்னையில் ஒரு ஓவியக் காட்சிக்காகப் பெரிய சட்டங்களாக வரைந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் கோடு நடுவில் லேசாக உள்வாங்கியது. துணிக்குப் பின்னால் யாரோ ஒரு நூலைப் பிடித்துச் சுண்டியமாதிரி. பனியன் துணியில் இது சகஜம். ஒரு நூல் இறுகினால் அந்த இடமே சுருங்கி வளையும். அவரைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க, என்ன துணி இது? நடுவுல இழுக்குது."

அவர் குனிந்து பார்த்தார், விரலால் தடவினார், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். "எனக்கு ஒண்ணும் தெரியல சாந்தா. நீ சொன்னா இருக்கும். வேற ரோல் தர்றேன்."

வேறு ரோல் வந்தது. அதுவும் இழுத்தது. வேறு மில் நூல் வாங்கிப் பின்னினார். அதுவும் இழுத்தது. ஃபிட்டரை வரவழைத்து ஊசி மொத்தத்தையும் கழற்றி மாற்றினார். அந்த ஃபிட்டர், "அண்ணா, துணி கண்ணாடியாட்டம் இருக்குதுங்க, இதுக்கு மேல நான் என்னத்தச் செய்ய?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவனுக்குக் கண் போதாது என்று நான் முடிவுகட்டினேன். எனக்குப் போதாத கண்ணை அவன் தலையில் கட்டினேன். ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான்.

கதவு நிலைகூட வளைந்தது. பழைய வீடு, மரம் வளைவு வாங்கியிருக்கும் என்று நினைத்தேன். சமையலறை டைல்ஸ் கோடு நெளிந்தது. ஒட்டிய கொத்தனாரை மனதுக்குள் வைதேன். பேப்பரில் எழுத்து நடுவில் விழுங்கப்பட்டது. கண்ணாடி பவர் மாற்றவேண்டும், காட்சி முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். பார்க்கிற இடமெல்லாம் இழுக்கிறதே, ஊரில் உள்ள அத்தனையுமா கெட்டுப்போகும் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. கோட்டைப் பற்றி என் கண் சொன்னால் அதற்கு மேல் மறுபேச்சு இல்லை என்று வாழ்ந்துவிட்டவள் நான். அந்தக் கண்ணையே சந்தேகப்படுவது எப்படி என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

வரைவதை நிறுத்தவும் இல்லை. துணி உள்வாங்குகிற இடத்தில் கையைச் சற்று வெளியே தள்ளி வரைந்து சரிக்கட்டினேன். மூன்று சட்டங்களை அப்படி முடித்தேன். என் கண்ணுக்கு அம்பு மாதிரி நேராக நின்றன. சிக்கலான துணியை ஜெயித்துவிட்டதாகப் பெருமை வேறு.

மகள் நித்யா கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள் அந்த மூன்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, இது ஏம்மா நடுவுல புடைச்சிருக்குது?"

"எது?"

"கோடு. மூணுலயும் ஒரே மாதிரி புடைச்சிருக்குதே. வேணும்னு பண்ணியா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் அப்பா வாசலில் நின்றிருந்தார், அவரும் சிரிக்கவில்லை. நித்யா ஒரு நீளமான அடிக்கோலை எடுத்துவந்து கோட்டின் மேல் வைத்தாள். கோலே வளைந்து தெரிந்தது எனக்கு. இரும்புக் கோல். துணி இழுக்கும், மரம் வாங்கும், இரும்பு எப்படி வளையும்? அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் கோயம்புத்தூரில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனோம். அங்கே காத்திருப்புக் கூடம் ஒரு விசித்திரமான இடம். கண்பாப்பா பெரிதாவதற்குச் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிடுகிறார்கள். அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறோம். யார் அழுகிறார்கள், யாருக்கு மருந்து வழிகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அது எனக்கு வசதியாக இருந்தது.

அங்கே வேலை பார்க்கும் ஒரு சின்னப் பெண் என் கையில் ஒரு அட்டையைக் கொடுத்தாள். வெள்ளைத் தாளில் கறுப்புக் கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. என் வாழ்நாள் முழுக்க நான் போட்ட கட்டம். யாரோ அச்சடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

"இடது கண்ணை மூடிக்கிட்டு புள்ளியைப் பாருங்கம்மா. கோடெல்லாம் நேரா இருக்கா?"

நடுவில் கட்டங்கள் ஒன்றையொன்று நோக்கிக் குவிந்திருந்தன. புள்ளியைக் காணவில்லை. "இந்த அட்டை சரியில்ல கண்ணு, வேற குடு" என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். அவள் பாவம், மறுக்காமல் வேறு அட்டை கொடுத்தாள். அதிலும் புள்ளி இல்லை.

பிறகு ஸ்கேன். வலி எதுவும் இல்லை, தாடையை வைத்து ஒரு வெளிச்சத்தைப் பார்க்கவேண்டும். விழித்திரையைக் குறுக்கே வெட்டிப் பார்த்ததுபோல ஒரு படம் வருகிறது. டாக்டரம்மா சின்ன வயது, பொறுமையானவர். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

"கண்ணுக்குப் பின்னாடி திரை மாதிரி ஒரு மெல்லிசான படலம் இருக்கும்மா. அதோட நடுப்பகுதிதான் நேராப் பார்க்கறதுக்கு, படிக்கறதுக்கு, முகம் அடையாளம் கண்டுபிடிக்கறதுக்கு எல்லாம். கண்ணுக்குள்ள ஜெல்லி மாதிரி ஒண்ணு இருக்கு. வயசாக ஆக அது சுருங்கும். சிலருக்குச் சுருங்கும்போது இந்த நடுப்பகுதியைப் பிடிச்சு இழுத்துப் பிச்சுடும். இங்க பாருங்க."

அடுக்கடுக்காகப் போன படலத்தின் நடுவில் ஒரு பள்ளம், துண்டாகப் பிரிந்த இரண்டு ஓரங்கள். மாகுலர் ஹோல் என்றார். நடுப்பார்வையில் ஓட்டை, அவ்வளவுதான் அதன் தமிழ். பனியன் துணியிலும் ஓட்டை இப்படித்தான் விழும், விட்டால் பெரிதாகும். என் வீட்டுக்காரர் திருப்பூர்க்காரர், படத்தைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டுவிட்டார்.

"எப்ப இருந்தும்மா கோடு வளைஞ்சு தெரியுது?"

அவர்தான் சொன்னார். "அஞ்சாறு மாசமா இருக்குமுங்க. நாங்க துணியில கோளாறுன்னு நெனச்சுட்டமுங்க."

"துணியா?"

அவர் எல்லாவற்றையும் விளக்கினார். ரோல் மாற்றியது, நூல் மாற்றியது, ஊசி மாற்றியது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

"லேட்டுதாம்மா. ஓட்டை பெருசாயிருக்கு. ஆபரேஷன் பண்ணினா பெரும்பாலும் மூடிக்கும். ஆனா மூடறது வேற, பழையபடி தெரியறது வேற. ரெண்டாவதுக்கு நான் உறுதி சொல்ல முடியாது. உங்களுக்கு இன்னொரு கண்ணும் பார்வை கம்மிங்கறதால தள்ளிப்போடவும் முடியாது."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று எத்தனை பேரைக் கிண்டல் செய்திருப்பேன். அந்தப் பழமொழி என்னைத் தேடி வந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கமாட்டார்கள். கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வார்கள். அந்த ஊசிதான் மோசம், அப்புறம் வலி இல்லை. வலி இல்லை என்பதால் பயம் குறையும் என்று நினைக்காதீர்கள். உள்ளே கருவிகளின் நிழல் நகர்வது எனக்கே தெரிந்தது. ஜெல்லியை எடுத்துவிட்டு, விழித்திரை மேல் ஒட்டியிருக்கும் ஒரு மெல்லிய தோலை, தெரிவதற்காக நீலச் சாயம் விட்டு, உரித்து எடுப்பார்கள். இழுப்பு விட்டால்தான் ஓட்டை மூடும். டாக்டரம்மா "உரிஞ்சு வந்துடுச்சு" என்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. கையை அசைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் போர்வைக்குள் கட்டைவிரலை மட்டும் அழுத்திக்கொண்டு, ஒரு கோடு, இன்னும் ஒரே ஒரு கோடு என்று வேண்டிக்கொண்டிருந்தேன். எனக்குச் சாமி பெயர்கூட வாயில் வரவில்லை.

கடைசியில் கண்ணுக்குள் வாயுவை நிரப்பி அனுப்புகிறார்கள். வாயு மேல்நோக்கித்தான் போகும். நாம் குப்புறக் கவிழ்ந்திருந்தால் அது கண்ணின் பின்பக்கமாக எழும்பி ஓட்டையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஆகவே குப்புறத்தான் படுக்கவேண்டும், குப்புறத்தான் உட்காரவேண்டும், சாப்பிடும்போதும் தலை கவிழ்ந்தே இருக்கவேண்டும். நிமிர்ந்தால் வாயு வேலை செய்யாது. ஊட்டிப் பக்கம் போகக்கூடாது என்றார்கள். மலை ஏறினால் உள்ளே வாயு பெருகி, கண்ணை நெரித்துவிடுமாம். என் தலையெழுத்துக்கு ஊட்டி வேறு என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தக் குப்புற நாட்களைத்தான் நான் மற்றவர்களுக்குச் சொல்ல நினைக்கிறேன். யாரும் சொல்லித் தருவதில்லை. முதல் நாளே கழுத்து மரக்கட்டையாகிவிடும். மூக்கு ஒழுகும், எச்சில் ஒழுகும். வெட்கம் போய்விடும். உலகம் என்பது தரையில் ஒரு டைல்ஸ் மட்டும்தான், அதுவும் எனக்கு மங்கலாக. முகம் அழுந்தாமல் இருக்க அவர் ஒரு தையல் யூனிட்டில் கட்டிங் வேஸ்ட் துணித் துண்டுகளைத் திணித்து, நடுவில் துளை வைத்த ஒரு தலையணை தைத்து வாங்கிவந்தார். டீ கொடுக்கும்போது தரையில் மல்லாக்கப் படுத்து, லாரிக்கு அடியில் புகுந்த மெக்கானிக் மாதிரி, கட்டில் ஓரத்துக்கு வெளியே நீட்டியிருக்கும் என் முகத்துக்குக் கீழே வந்து, ஸ்ட்ராவை என் வாயில் வைப்பார். நர்ஸுகள் சிரிப்பார்கள். அவர் கண்டுகொள்ளமாட்டார். பில் எவ்வளவு, இன்ஷூரன்ஸ் வந்ததா என்று நித்யாவும் அவரும் வராந்தாவுக்குப் போய்ப் பேசிக்கொண்டார்கள். என் காதுக்கு எதுவும் வரவிடவில்லை.

அடுத்த கட்டிலிலும் ஒருத்தி குப்புறக் கிடந்தாள், ஸ்டெல்லா. தூத்துக்குடிப் பக்கம், இப்போது வீரபாண்டியில் ஒரு கம்பெனியில் டெய்லர். அவளுக்கு விழித்திரையே கழன்று வந்துவிட்டது. நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்ததில்லை. தரையைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டோம்.

"யக்கா, நீங்க என்ன சோலி பாக்கீய?"

"படம் வரைவேன்."

"சாமி படமா?"

"இல்ல, கட்டம், கோடு."

"கோலமா?"

"கோலம் இல்ல" என்றேன். கட்டிலில் கிடக்கும்போதும் எனக்கு அந்தக் கோபம் போகவில்லை.

"அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான்க்கா. நானும் நாள் பூரா நேர் தையல்தான் ஓட்டுதேன். கோணிச்சுன்னா சூப்பர்வைசர் முகத்துல வீசிருவாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கண் அதிரும் என்று அடக்கிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து அவளுக்குத் திரை மறுபடியும் கழன்றுவிட்டதாகச் சொல்லித் திரும்ப உள்ளே கொண்டுபோனார்கள். போகும்போது, "ஏசுவே, யக்கா கண்ணையும் பாத்துக்கிடும்" என்று எனக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். அப்புறம் அவளை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். விசாரித்தேன், சரியாகச் சொல்லமாட்டேன் என்றுவிட்டார்கள்.

ஸ்டெல்லா போன அன்று மத்தியானம், அவர் வழக்கம்போலத் தரையில் படுத்து இளநீர் ஸ்ட்ராவை வைத்தபோது கேட்டேன்.

"அந்த மூணு சட்டத்தையும் நீங்க பாத்தீங்களா, நித்யா சொல்றதுக்கு முன்னால?"

"பாத்தனே."

"கோடு புடைச்சிருந்தது தெரிஞ்சுதுங்களா?"

ஸ்ட்ரா நகர்ந்தது.

"கேக்கறேன்ல."

"தெரிஞ்சுது. மொதல்ல வரஞ்சதுலயே தெரிஞ்சுது."

"ஏன் சொல்லல?"

"சாந்தா, நீ ஒரு வருசம் வெள்ளை மேல வெள்ளை அடிச்ச. எனக்கு வெறுந்துணியாத்தான் தெரிஞ்சுது. சென்னையில இருந்து வந்தவங்க அது முன்னால அரை மணி நேரம் நின்னாங்க. நான் என்னத்தக் கண்டேன்? இப்ப கோட்டை வளைக்கறா போல, இது புது மாதிரி போலன்னு நெனச்சேன். நீ போட்ட கோட்டைப் போயி நான் கோணல்னு சொல்ல முடியுமா?"

நான் அந்த இளநீரைத் தட்டிவிட்டேன். அது அவர் மேலேயே கொட்டியது. முதல் சட்டத்திலேயே சொல்லியிருந்தால் ஓட்டை சின்னதாக இருந்திருக்கும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை, கோணல் என்று ஒரே ஒரு வார்த்தை. இத்தனை வருடம் கூட இருந்த மனுஷன் எனக்குத் தந்த மரியாதை என் கண்ணைத் தின்றுவிட்டது. "இந்தக் கண்ணும் போச்சுன்னா என்னை எதுக்கு வெச்சிருப்பீங்க? நான் யாருங்க அப்புறம்?" என்று கத்தினேன். கத்தியதுகூடத் தரையைப் பார்த்துத்தான், அவர் கீழே இருந்ததால். அவர் எழுந்திருக்கவில்லை. ஈரத்திலேயே படுத்துக்கொண்டு அழுதார். அவர் அழுவதை நான் பார்க்கவில்லை, கேட்டேன். எனக்கு இரக்கம் வரவில்லை. செத்துப்போகலாம் என்றுதான் தோன்றியது, அதையும் குப்புறப்படுத்துக்கொண்டே செய்யவேண்டுமே என்று ஒரு கேவலமான யோசனையும் வந்தது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அப்போதும் டீ வந்தது, ஸ்ட்ரா வந்தது.

பிறகு நித்யா வீட்டில் சில நாள். நிமிரலாம் என்று சொன்னபின் ஒரு காலை, பார்வையின் மேலோரத்தில் வெளிச்சம் வந்தது. அதற்குக் கீழே கலங்கல். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு. வாயு குறையக் குறைய, கண்ணுக்குள் ஊறும் நீரும் வாயுவும் சந்திக்கும் மட்டம் அது, இப்படித்தான் தெரியும் என்றார் டாக்டரம்மா. தலையைச் சாய்த்தால் அது சாயவில்லை. தண்ணீர் மட்டம் மாதிரி நேராக நின்றது. நாளுக்கு நாள் கீழே இறங்கியது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூரிகை தொடாமல், கை நடுங்காமல் போட்ட கோடு. ஆனால் அது நேர்தானா, இல்லை என் கண் நேரென்று காட்டுகிறதா? எனக்கு மட்டும் தெரிகிற கோட்டை யாரிடம் போய்ச் சரிபார்ப்பது? அடிக்கோலை எங்கே வைப்பது? அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. கடைசியில் அது ஒரு சின்னக் குமிழாகி, உருண்டு உருண்டு, ஒரு நாள் இல்லாமல் போயிற்று.

மறுபரிசோதனையில் ஸ்கேன் எடுத்தார்கள். ஓரங்கள் இரண்டும் சேர்ந்திருந்தன. "மூடிடுச்சும்மா!" என்று டாக்டரம்மா எழுந்தே நின்றார். எழுத்துப் பலகையில் முன்பு தெரியாத வரிகளைப் படித்தேன். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நித்யா என்னைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் அந்தச் சின்னப் பெண் கட்ட அட்டையைக் கொடுத்தாள். புள்ளி திரும்ப வந்திருந்தது. அதைச் சுற்றி நாலைந்து கட்டங்கள் இன்னும் குவிந்தே இருந்தன. இந்த முறை அட்டையைக் குறை சொல்லவில்லை.

"இது போயிடுங்களா?" என்று கேட்டேன்.

"மெதுவா இன்னும் கொஞ்சம் குறையலாம். முழுசாப் போயிடும்னு நான் சொல்ல மாட்டேம்மா. இவ்வளவு பெரிய ஓட்டை மூடினதே நல்ல விஷயம்."

நல்ல விஷயம்தான். சீரியல் பார்க்கலாம், பஸ் நம்பர் படிக்கலாம், அரிசியில் கல் பொறுக்கலாம். அத்தனை பேர் மருந்து வழிய உட்கார்ந்திருக்கும் கூடத்தில், எனக்குக் கிடைத்தது போதவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. காரில் ஊருக்குத் திரும்பினோம். அவிநாசி தாண்டும்போது அவர், "கோயிலுக்குப் போயிட்டுப் போலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

காட்சியை ரத்து செய்தாயிற்று. வரைகிற அறைப் பக்கமே போகவில்லை. நீங்கள் இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும், தினம் ஒரு கண்ணைப் பொத்தி மறு கண்ணால் கதவு நிலையைப் பாருங்கள். வளைந்தால் கதவைத் திட்டாமல் டாக்டரிடம் போங்கள். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். இதோடு முடித்திருக்கலாம்.

போன வாரம் அறையைத் திறந்தேன். ஒரு சட்டம் தயாராக இருந்தது. நான் சொல்லாமலே துணியை இழுத்து அடித்து, பசை பூசி, வெள்ளை காயவைத்து அவரே நிறுத்தியிருந்தார். வெகுநேரம் அதன் முன்னால் நின்றேன். பிறகு தூரிகையை எடுத்து, மூச்சைப் பிடித்து, இடமிருந்து வலம் ஒரே இழுப்பாக இழுத்தேன். நேராக இருந்தது. என் கண்ணுக்கு அது அத்தனை நேராக இருந்தது. வந்துவிட்டது, டாக்டருக்கு என்ன தெரியும், எனக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"ஏனுங்க, வாங்க இங்க!"

மெஷினை நிறுத்திவிட்டு, தலையில் பஞ்சுத் தூசியோடு வந்தார். சட்டத்தின் முன்னால் நின்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இப்போது எனக்கு எந்த முகத்தை நேராகப் பார்த்தாலும் மூக்கும் வாயும் உள்வாங்கித் தெரிகின்றன. அவர் என்ன நினைக்கிறார் என்று முகத்தில் படிக்க முடியவில்லை. வாயால் சொன்னால்தான் உண்டு.

"நேரா இருக்குதுங்களா?"

அவர் குனிந்து பார்த்தார். பின்னால் போய் நின்று பார்த்தார்.

"இல்ல சாந்தா" என்றார். "கோணலா இருக்குது."

குரல் உடைந்திருந்தது, ஆனால் சொல்லிவிட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதேன். தூரிகையை மட்டும் கீழே வைக்கவில்லை.

"எந்த எடத்துலீங்க? வெரல வெச்சுக் காட்டுங்க."

இன்னும் ஈரம் காயாத என் கோட்டின் மேலேயே அவர் விரலை வைத்தார்.